அகலக் கால்

டொலீடோவில் பிப்ரவரி.
வாடகை கராஜின் கதவிடுக்கில்
ஏரிக்காற்று சீட்டியடிக்கிறது.
நான்கு இரும்பு முக்காலிகள் மேல் எங்கள் செவெல்,
எழுபதாம் ஆண்டு மாடல்,
செருப்பைத் தொலைத்துவிட்டு
கல்யாண மண்டப வாசலில் நிற்கும் ஆளைப்போல.

காசில் பாதி என்னுடையது, பாதி க்ரெட்சனுடையது.
அக்காவுக்குப் பதினெட்டு அங்குல ரிம் வேண்டும்:
பெரிய வட்டம், ரப்பர் வெறும் ஓரச் சரிகை.
எனக்குப் பதினைந்து போதும்.
பக்கச்சுவர் தடித்து,
குழியில் விழுந்தால் வளைந்து கொடுக்கிற டயர்.
"நீ ஓட்டியே கிழிக்கப் போகிறாய்" என்றாள்.
"நீ நிறுத்தியே துடைக்கப் போகிறாய்" என்றேன்.
அப்புறம் மூன்று வாரம் பேச்சில்லை.
போனில் எண்கள் மட்டும் வந்து போயின.

இருநூற்று எழுபத்தைந்து, அறுபது, பதினைந்து.
அகலம் மில்லிமீட்டரில்,
உயரம் விழுக்காட்டில்,
விட்டம் அங்குலத்தில்.
ஒரே வரிக்குள் மூன்று தேசத்து நாணயம்.
பெருக்கி, இரட்டித்து, வகுத்து, கூட்டினால்
இருபத்தெட்டு அங்குலம் எழுந்து நிற்கிறது.
நான் டயாலிசிஸ் வார்டில்
பிறர் ரத்தத்து நீரை மில்லிலிட்டரில் எண்ணுகிறவள்.
கணக்கில் பயமில்லை.
அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
அறுபது பிள்ளைகளின் கூச்சலோடு
நாற்பதடி வண்டியைச் சந்தில் திருப்புகிறவள்.
"கண் போதும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை
ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
சமாதானம் என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
நூல் கட்டிய பென்சிலால் வட்டம் போட்டு வெட்டினாள்,
என் இருபத்தெட்டு, அவள் பதினெட்டு அல்ல.
ஐந்து போல்ட், நாலே முக்கால் அங்குல வட்டத்தில்.
அகலத்துக்கு இரண்டு அட்டைகள், நடுவே மரத்துண்டு.

இடது பின்பக்கம்: உள்ளே போனது.
ஜாக்கை ஏற்றி ஸ்பிரிங் அமுங்கும்வரை பார்த்தோம்.
ஃபெண்டர் உதட்டுக்கும் அட்டைக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழைந்தது.

வலது பின்பக்கம்: கரகரவென்று
அட்டையின் காது மடங்கியது.

மறுபடி அளந்தோம்.
டேப்பை அவள் பிடித்தாள், நான் படித்தேன்.
பிறகு நான் பிடித்தேன், அவள் படித்தாள்.
கால் அங்குலம்.
வலப்பக்கம் கால் அங்குலம் குறைவு.

ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்று அவள் சட்டைப் பையில் இருந்தது,
எதற்கென்று தெரியாது.
ஃபெண்டர் வளைவில் வைத்தாள்.
ஒட்டாமல் வழுக்கித் தரையில் விழுந்தது.
பெயின்ட்டுக்கு அடியில் தகடு இல்லை, புட்டி.
என்றைக்கோ யாரோ இடித்து
மாவு பூசி, பளபளப்பாக்கி, வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.
"ஒரு கீறல்கூடக் கிடையாது" என்று
விற்ற நார்பர்ட் தன் நாய்மேல் சத்தியம் செய்திருந்தான்.
"அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கிறதா?"
என்று கேட்டாள் க்ரெட்சன்.
மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தோம்,
ஹீட்டரில் மண்ணெண்ணெய் தீரும்வரை.

என் அகலமும் போனது, அவள் உயரமும் போனது.
அகலக் கால் வைக்காதே என்று
ஒரு வண்டியே சொன்னால் கேட்கத்தான் வேண்டும்.
பின்னால் எட்டு அங்குல ரிம்,
உள்விளிம்பிலிருந்து போல்ட் முகம்வரை நாலரை.
டயர் இருநூற்று ஐம்பத்தைந்து.
முன்னால் இருநூற்று முப்பத்தைந்து.
விரலுக்கேற்ற வீக்கம்:
வலப்பக்கம் ஒரு விரல், இடப்பக்கம் ஒன்றரை.
வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை.
ரிம்மின் நிறம் அவள் இஷ்டம்.
சாம்பல் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை.
சரி என்றேன்.

கடைசியாக ஒரு கணக்கு மிச்சம்.
பழைய டயரைவிட இது கொஞ்சம் உயரம்.
இனி மீட்டர் முள் அறுபது என்று காட்டும்போது
வண்டி அறுபத்தொன்றரையில் போய்க்கொண்டிருக்கும்.

"போலீஸ் நிறுத்தினால் இதை யார் விளக்குவது?" என்றேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"ஓட்டுகிறவள்."

யார் என்று இன்னும் முடிவாகவில்லை.